எண்கள் எறும்பாகிப்போன பிறகு

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று இன்று காலை தின்னர் டப்பாவைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அது உன் கடையின் வாசனை. தின்னர், புதுக் கயிறு, உர மூட்டை, இரும்புக் குழாய் எல்லாம் கலந்த அந்த வாசனையில் தின்னர்தான் முதலில் வந்து நிற்கும். மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக வரும். டப்பா வாங்கியதும் உன் கடையில்தான். போன சனிக்கிழமை நம் ஊர் ஜாசினுக்குப் போயிருந்தேன். உன் மகள் ஆயிஷா காசு வேண்டாம் ஆன்ட்டி என்றாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

கேட் பாதி துரு, பாதி பழைய பச்சை. அது அப்படியே கிடக்கட்டும் என்று உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜாசின் இடைநிலைப் பள்ளியில் ஐந்து வருடம் ஒரே வகுப்பில் இருந்தோம். எனக்குக் கணக்கு வரும், உனக்கு ஸ்பெல்லிங் வரும். ஒருவர் தாளை ஒருவர் பார்த்து எழுதியே இருவரும் தேறினோம். அப்புறம் நான் மலாக்கா டவுனில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து, கடைகளுக்கான மென்பொருள் எழுதுகிறவள் ஆனேன். நீ உன் அத்தாவின் ஹார்ட்வேர் கடைக்குப் போனாய். அத்தா போனார், உன் கணவரும் போனார், கடை மட்டும் உன்னோடு நின்றது. செம்பனைத் தோட்டத்துக்காரர்கள் நீளக் கழியும் அரிவாளும் வாங்க வருவார்கள். பெம்பானிலிருந்து கொத்தனார்கள் சிமெண்டுக்கு வருவார்கள். ஆணி, வாளி, குழாய் மூட்டு, கதவுத் தாழ்ப்பாள் எதைக் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்காமலே எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவாய்.

ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு அது வந்தது. தராசுத் தட்டு கையிலிருந்து நழுவி, ஆணியெல்லாம் தரையில் கொட்டியதாம். வாங்க வந்தவர் நீ கோபத்தில் வீசிவிட்டாய் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போயிருக்கிறார். அப்புறம்தான் உன் வாய் ஒரு பக்கம் இழுப்பதைப் பார்த்திருக்கிறார். ஸ்ட்ரோக். சிறியதுதான், சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் டாக்டர்கள். பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது. வலது கை மெல்ல மெல்லத் திரும்பியது. மூன்றாம் மாதம் நீ கடையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு தட்டு கேக் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன்.

"ஒன்னும் ஆவலடி. லேசா தலை சுத்தும், அவ்வளவுதான்" என்றாய்.

நீ சொன்னது பொய் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யோசித்தால், எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறாய் என்று வியப்பாக இருக்கிறது. நோட்டை நிறம் பார்த்து வாங்கினாய். நீலம் ஒரு ரிங்கிட், சிவப்பு பத்து, ஊதா நூறு. விலையெல்லாம் மனப்பாடம். கடைக்கு வந்த பிறகு கூட்டிச் சொல்வதற்கு உனக்குக் காகிதம் தேவைப்பட்டதே இல்லை. கடிகாரம் முள் வைத்தது, முள் இருக்கும் இடம் பார்த்தாலே போதும். போனில் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, குரல் பதிவு மட்டும் அனுப்பினாய். கை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

செக்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. பெயிண்ட் சப்ளையரின் ஆள் பில்லோடு வந்து, "அக்கா, மூவாயிரத்து எண்ணூத்து அறுபது" என்று சொல்லியிருக்கிறார். நீ எழுத்தில் எழுதவேண்டிய கோட்டில் இங்கிலீஷில் சரியாக எழுதினாய். பக்கத்துப் பெட்டியில் எண்ணைப் போடவேண்டும். அதில் நீ போட்டது எட்டாயிரத்து அறுநூற்று முப்பது மாதிரியும் இருந்ததாம், வேறு ஏதோ மாதிரியும் இருந்ததாம். எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த ஆள் உன்னிடம் கேட்கத் தயங்கி, ஆயர் குரோவில் வேலை செய்யும் உன் தம்பிக்குப் போன் செய்துவிட்டார்.

உன் தம்பி நல்ல பையன். அதை நீயே நூறு தடவை சொல்லியிருக்கிறாய். கை நடுக்கம் என்றுதான் அவனும் நினைத்தான். "லாத்தா, ஒரு சைபர் கூடப் போட்டீங்கன்னா கடை போச்சு. நீங்க ரெஸ்ட் எடுங்க. கையெழுத்த என் பேருக்கு மாத்திடலாம், நான் வேலைய விட்டுட்டு வந்து பார்த்துக்கிறேன்" என்றான். பேங்க் பாரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டான். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீ தங்கா பத்துவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

நாங்கள் இந்தப் புது வீட்டுக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே கேட், ஒரே ஓடு, ஒரே சாம்பல் சுவர். இருபத்தேழாம் நம்பர் என்று சொல்லியிருந்தேன். தெருமுனையில் யாருடைய கல்யாணத்துக்கோ பந்தல் போட்டு ரோட்டை மறித்திருந்ததால், வாடகைக் கார் உன்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. நான் சமையலறை ஜன்னலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ வருவது தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் நின்று, நம்பர் பலகையை நன்றாகப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாய்.

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மறுபடியும் வந்தாய். மறுபடியும் பலகையைப் பார்த்தாய். இந்த முறை கிட்ட வந்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்தாய். அப்புறம் பக்கத்து வீட்டுப் பலகைக்குப் போய் அதையும் தடவினாய். வெயில் உன் முக்காட்டின் மேல் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டைத் திறந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நீ திரும்பிய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிடிபட்ட முகம்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தாய். காலி டம்ளரை மேசையில் அப்படியும் இப்படியும் நகர்த்தினாய்.

"நம்பர் தெரியலடி எனக்கு" என்றாய் கடைசியில்.

"மறந்து போச்சா? போன்ல சொல்லியிருந்தேனே."

"மறக்கல. இருபத்தேழு. நல்லா ஞாபகம் இருக்கு. உங்க கேட்ல இருபத்தேழுன்னு எழுதியிருக்கான்னுதான் எனக்குத் தெரியல."

அன்று மத்தியானம் சமையல் நடக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நீயும் நானும், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தடித்த பேனா. நான் நான்கு என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

"என்ன தெரியுது?"

"எறும்பு."

"எறும்பு மாதிரியா?"

"கறுப்பா ஊருதுடி. பார்க்கப் பார்க்க இடம் மாறுது. அது பேப்பர்லதான் இருக்குன்னு தெரியுது. ஆனா நிக்க மாட்டேங்குது."

'நாலு' என்று தமிழ் எழுத்தில் எழுதினேன். உடனே படித்தாய். இங்கிலீஷில் எழுதினேன், மலாயில் எழுதினேன், படித்தாய். மறுபடியும் எண்ணாக எழுதினேன். எறும்பு. இரண்டிலிருந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் எறும்பு. சைபர் மட்டும் தெரிந்தது, வட்டமாக. ஒன்று தெரிந்தது, கோடாக. ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் என் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாய். நூற்று இருபத்தைந்தில் பாதியைக் கேட்டேன். அறுபத்திரண்டரை என்றாய். கணக்கு எதுவும் போகவில்லை. எழுதிவைத்த உருவம் மட்டும்தான் உன்னைவிட்டுப் போயிருந்தது.

பயந்துபோய் வந்தவள், அரைமணி நேரத்தில் என்னைவிட அதிக ஆர்வமாகிவிட்டாய். இதைப் போட்டுக் காட்டு, அதைப் போட்டுக் காட்டு என்று நீதான் சொன்னாய். எட்டை எழுதி நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினேன். எட்டு படுத்துக்கொண்டது.

"மூக்குக் கண்ணாடி" என்றாய், பளிச்சென்று.

மெதுவாக நிமிர்த்தினேன். பாதி திரும்பும்வரை கண்ணாடி. அப்புறம் எறும்பு. மறுபடி படுக்கவைத்தேன், கண்ணாடி. நாம் இருவரும் அதையே பத்துப் பதினைந்து தடவை செய்தோம்.

நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு நீ சொன்னாய். "இரு, இரு. அது எட்டுன்னு தெரிஞ்சாதானே அத மறைக்க முடியும்? கண்ணாடின்னா விட்டுடுது, எட்டுன்னா மறைக்குது. அப்படீன்னா உள்ள யாரோ மொதல்ல படிச்சிடறாங்க. படிச்சிட்டு எனக்குக் காட்ட மாட்டேங்கிறாங்க. யாருடி அது?"

பிறகு ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது டாக்டர், ரொம்ப அபூர்வம், ஆனால் இப்படி வந்தவர்கள் உண்டு என்றார். யார் உள்ளே இருந்து படிக்கிறார்கள் என்ற உன் கேள்விக்கு அவர் சிரித்தார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது, "செக்குல எழுத்துல போடுற எடம் மட்டும் எனக்குத் தெரியுது. பில்லும் அப்படி எழுத்துல வந்தா ஒரு பிரச்சனையும் இல்ல" என்றாய். சும்மாதான் சொன்னாய். நான் வாசலில் நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தொகையை இங்கிலீஷ் எழுத்தாக மாற்றுகிற நிரல். என் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கிற வேலை அது. நான் எழுதி இருபது வருடம் ஆகியிருக்கும்.

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடாத. ஒரு வாரம் குடு" என்றேன்.

ஒரு வாரம் ஆனது. போன் கேமராவைப் பில்லின் மேல் காட்டினால் எண்ணைப் பிடித்துத் தரும் பகுதியை யாரோ எழுதி இலவசமாகவே வைத்திருந்தார்கள். எண்ணைச் சொல்லாக மாற்றுவதுதான் என் பங்கு. எளிது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், நாம் வாயால் சொல்கிற எண்களில் எவ்வளவு முரண்டு இருக்கிறது என்று கண்ணில் பட்டது. இங்கிலீஷில் எண்ணைக் கடைசியிலிருந்து மூன்று மூன்றாக வெட்டவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நூறு, பத்து, ஒன்று. துண்டின் பின்னால் தவுசண்ட், மில்லியன் என்று ஒரு வால். அதுவரைக்கும் ஒழுங்கு. ஆனால் சைபரிலிருந்து பத்தொன்பது வரைக்கும் ஒரு விதியும் கிடையாது. இருபது பெயரையும் வரிசையாக எழுதிவைக்கத்தான் வேண்டும். பத்தும் ஒன்றும் சேர்ந்தால் ஏன் லெவன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மலாயில் பாரேன், பதினொன்று செபெலாஸ், பன்னிரண்டு டுவா பெலாஸ் என்று பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நிற்கின்றன. ஹண்ட்ரட்டுக்குப் பிறகு 'அண்ட்' போடுவதா வேண்டாமா, ரிங்கிட்டோடு சென் சில்லறை இல்லாவிட்டால் என்ன எழுதுவது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியில் செக்குக்கு ஏற்றபடி முன்னால் 'ரிங்கிட் மலேசியா', பின்னால் 'ஒன்லி'. தொகை சரியென்று நீ படித்துப் பார்த்த பிறகு எழுத்து, எண் இரண்டையும் கடைப் பிரிண்டரே செக்கில் அச்சடித்துவிடும். நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

முதல் பதிப்பை உன் போனில் போட்டுவிட்டு வந்த மறுநாளே குரல் பதிவு வந்தது. "ஃபார்ட்டியில யு எங்கேருந்துடி வந்துச்சு? ஃபோர்ல இருக்கு, ஃபார்ட்டியில கெடையாது. ஸ்கூல்ல எத்தன வாட்டி சொல்லிக் குடுத்தேன்."

திறந்து பார்த்தேன். தப்புத்தான். நாற்பத்தெட்டு வயதில், தொழிலாக எழுதுகிற நிரலில், நான் மறுபடியும் உன் தாளைப் பார்த்து எழுதவேண்டி வந்தது.

நீ சோதித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கையால் எண்ணைத் தட்டிப் பார்க்கவும் வழி வைத்திருந்தேன். உனக்குத் தெரிந்த இரண்டே எண்கள் சைபரும் ஒன்றும். அதனால் அந்த இரண்டை மட்டும் வைத்துத் தட்டிப் பார்த்தாய். பத்து, பதினொன்று, நூறு, நூற்றொன்று, ஆயிரத்துப் பத்து. கடைசியில் கோட்டுக்குப் பின்னால் வட்டம் வட்டமாகப் போட்டு ஒரு மில்லியன். ஒன் மில்லியன் தவுசண்ட் என்று வந்தது.

"பத்து லட்சம் போட்டேன்டி. பின்னால ஒரு தவுசண்ட் வேல வெட்டி இல்லாம வந்து நிக்குது. அதுக்கு அங்க என்ன வேல?"

நடுத்துண்டு வெறும் சைபராக இருந்தால் வால் போடக்கூடாது என்று எழுத மறந்திருந்தேன். எங்கள் கம்பெனியில் சோதனைக்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களில் ஒருவரும் இவ்வளவு பிழை பிடித்ததில்லை.

உன் தம்பி அடுத்த ஞாயிறு கடைக்கு வந்தான். என்னையும் வரச் சொல்லியிருந்தாய். அன்றுதான் அவனிடம் எறும்பு விஷயத்தைச் சொன்னாய். அவன் முகம் கறுத்துப்போனது.

"இத்தன மாசமா ஏன் சொல்லல, லாத்தா?"

"சொன்னா நீ அன்னைக்கே பாரத்த நீட்டியிருப்ப."

"இப்ப மட்டும் எப்படி உடுறது? போன் சொல்றத நம்பியா கடை நடத்துறது? அது தப்பா சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது?"

நியாயமான கேள்வி. நீ அலட்டிக்கொள்ளாமல், "பில்ல எடு. நீயே எடு, எது வேணும்னாலும் எடு" என்றாய்.

அவன் கம்பியில் குத்திவைத்திருந்த கட்டிலிருந்து பத்துப் பில்லை உருவினான். ஒவ்வொன்றாக வைத்தான். நீ போனைக் காட்டினாய், படித்தாய். அவன் பில்லைப் பார்த்துத் தலையசைத்தான். ஏழு பில் ஒழுங்காகப் போனது. நான் மூச்சுவிட ஆரம்பித்தேன். எட்டாவது பில், சிமெண்ட். நீ போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். படிக்கவில்லை.

"என்னாச்சு?" என்றான் அவன்.

"ஒன் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி ஃபைவ் தவுசண்ட்டாம்."

அவன் அதற்குள் ஒன்பதாவது பில்லைக் கையில் எடுத்திருந்தான். "ஆங், சரி, அடுத்தது" என்றான்.

"என்னடா சரி? அறுபது மூட்ட சிமெண்டுக்கு நூத்து இருபத்தஞ்சாயிரமா? ஒரு மூட்ட ரெண்டாயிரத்துச் சொச்சமா விக்கிறேன் நான்?"

அவன் பில்லைத் திருப்பி வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரிங்கிட், சைபர் சைபர் சென். அந்தப் பில்லில் புள்ளி மங்கி அழிந்திருந்தது. கேமரா அதைத் தவறவிட்டு, சென் பகுதியையும் சேர்த்து ஒரே எண்ணாக எடுத்துவிட்டது. நான் எழுதிய நிரல் அந்தத் தப்பான எண்ணை அழகான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

உன் தம்பி பில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நன்றாகத் தெரிகிற அவன் சரி என்று சொல்லிவிட்டான். எண்ணே தெரியாத நீ நிறுத்திவிட்டாய். அவனுக்கும் அது புரிந்தது. மீதி இரண்டு பில்லை அவன் வைக்கவே இல்லை. பேங்க் பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "டீ குடிக்கலாமா லாத்தா?" என்றான்.

"போய் வாங்கிட்டு வா. மூணு தே தாரிக். அவளுக்குச் சீனி கொறச்சு."

அவன் போன பிறகு நீ கல்லா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். தோள் குலுங்கியது. நான் உன் முதுகில் கைவைத்துக்கொண்டு, வெளியே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டீயோடு வருவதற்குள் எழுந்து முகம் கழுவிவிட்டாய்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் கடையை நீதான் நடத்தினாய். புள்ளி அழிந்தால் நிறுத்திக் கேட்கும்படி நான் நிரலைத் திருத்தினேன். நீ போனைப் பில்லோடு விடவில்லை. பஸ்ஸைக் காட்டினாய், கார் நம்பர் பலகையைக் காட்டினாய், லிஃப்ட் பொத்தானைக் காட்டினாய், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தொங்கும் விலை அட்டையைக் காட்டினாய். நான் செக்குக்காக எழுதியதால் எல்லாவற்றுக்கும் அது பணம்தான் சொல்லும். ஒரு நாள் உன் குரல் பதிவு சிரிப்போடு ஆரம்பித்தது. "ரிங்கிட் மலேசியா செவன்டீன் ஒன்லியில ஏறி மலாக்கா சென்ட்ரலுக்கு வந்துகிட்டிருக்கேன். உங்க வீடு இன்னும் ட்வென்டி செவன்தானே, வெல ஏறிடலையே?" வேண்டுமானால் அந்த ரிங்கிட்டை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். முன்பு எண்களைக் கவனித்ததே இல்லை, இப்போது எல்லாம் காசு போட்டு வாங்கினது மாதிரி இருக்கிறது என்றாய்.

ஆயிஷாவின் தேர்வு முடிவுத் தாளையும் அதே போனை வைத்துத்தான் படித்தாய். அவள் வாயால் சொல்ல வந்தபோது, நீ சும்மா இரு, நானே பார்க்கிறேன் என்றாயாம். போன மாதம் அவள் சொன்னாள்.

கடைசியாக நாம் பேசியது ஒரு திங்கட்கிழமை. நான் ஆபீஸில் இருந்தேன். நீ நேரடியாகவே அழைத்தாய்.

"ஒரு டவுட். நான் எண்ணுறது தமிழ்ல. ஸ்குரூவக் கொட்டி எண்ணுனா ஒன்னு ரெண்டு மூணுதான் வருது வாயில. படிக்கிறது மட்டும் ஏன்டி இங்கிலீஷ்ல?"

"செக்குக்குத்தானே எழுதினேன்."

"செக்குக்கு இங்கிலீஷ் இருக்கட்டும். எனக்குத் தமிழ்ல போட்டுக் குடு."

அன்று மாலையே ஆரம்பித்தேன். இருபதும் ஒன்றும் சேர்ந்தால் இருபத்தொன்று, ஆயிரத்துக்குப் பின்னால் ஏதாவது வந்தால் ஆயிரத்து என்று எழுதிக்கொண்டே போனேன். ஆறுக்கு அறுபது, ஏழுக்கு எழுபது, எட்டுக்கு எண்பது. ஒன்பதுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. தொண்ணூறு. வாழ்நாளெல்லாம் சொன்ன சொல், அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பத்து இருக்கவேண்டிய இடத்தில் நூறு இருக்கிறது. நூறு வரிசைக்குப் போனால் எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம். நூறு இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரம். ஆயிரத்துக்குப் போனால் ஒன்பதாயிரம், எல்லாம் ஒழுங்கு. உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

நீ கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தாய். எண்பது, தொண்ணூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். "அட ஆமாடி. நூறு வரதுக்கு முன்னாலயே நூறுன்னு சொல்லிக்கிறோம். ஐம்பது வருஷமா சொல்றேன், கண்டுக்கவே இல்ல. யாரு வச்ச பேரு? ஏன் அப்படி? நீ கண்டுபிடிச்சுச் சொல்லு எனக்கு."

சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை காலை கடையைத் திறப்பதற்கு முன்பே உனக்கு மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை யாரும் சீக்கிரம் கொண்டுபோக முடியவில்லை. உன் தம்பி மாலையில்தான் போனில் சொன்னான். லாத்தா போயிட்டாங்க என்று இரண்டே சொல். நான் ஜாசினுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

தமிழ்ப் பதிப்பைச் சில மாதம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் முடித்தேன். தொண்ணூறும் தொள்ளாயிரமும் எந்த விதிக்குள்ளும் அடங்காததால் தனியாகவே எழுதிவைத்தேன். இப்போது அது ஆயிஷாவின் போனில் இருக்கிறது.

கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், கேள். ஒன்பதுக்குப் பழைய தமிழில் வேறொரு பெயரும் இருந்ததாம். தொண்டு. நாம் தொண்டு என்றால் கோயில் வேலை, பொதுச் சேவை என்று மட்டும்தானே நினைப்போம். அது ஒரு எண்ணும்கூட. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டின் தலையிலும் இருப்பது அந்தப் பழைய ஒன்பதுதான் என்கிறார்கள். எப்போதோ மக்கள் அதைச் சொல்வதை விட்டுவிட்டார்கள். மேலே இருக்கிற பெரிய எண்கள் மட்டும் அதன் பெயரை இன்னும் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஆனால் ஏன் ஒரு படி தள்ளி நூறும் ஆயிரமும் வந்தன என்பதற்குப் படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எதுவும் முடிவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கல்லாவில் சாய்ந்துகொண்டு உன் காரணம் ஒன்று சொல்லியிருப்பாய். நான் அதைத்தான் நம்பியிருப்பேன்.

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் உங்கள் மொழியில் ஒன்பதை எப்படிச் சொல்வீர்கள், தொண்ணூறை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறேன். கொத்தனாரிடம் கேட்டேன், சப்ளையர் கடைச் சீனரிடம் கேட்டேன், மீன் விற்கிற போர்த்துகீசியக் கிழவரிடம் கேட்டேன். அவர் மீனை வெட்டிக்கொண்டே எனக்காக நூறுவரை எண்ணிக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

போன வாரம் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்ப் பெண்ணிடம் கேட்டேன். மலாயில் ஒன்பதைக் குறிக்கும் செம்பிலான் என்ற சொல் 'ஒன்று', 'அம்பில்' என்ற இரண்டும் சேர்ந்து வந்ததாம். அம்பில் என்றால் எடுப்பது, அது உனக்கும் தெரியும். பத்திலிருந்து ஒன்று எடுக்கப்பட்டது, அதனால் அது செம்பிலான். அவள் அப்பா சின்ன வயதில் சொன்னது என்றாள்.

நீ இருந்தால் அடுத்து என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே கேட்டேன். யார் எடுத்தது?

அவள் சிரித்தாள். "தெரியலலா காக்" என்று அக்கா போட்டுச் சொன்னாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பத்து விரலையும் விரித்து ஒன்றை மடக்கிப் பார்த்தாள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.